ஏழாவது கோப்பையின் சத்தம்

அம்மா, அண்ணா, மதினி, மூணு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். மெசேஜ் இவ்வளவு நீளமா வந்திருக்கேன்னு பயந்துறாதீங்க. வேலை போகல, உடம்புக்கும் ஒண்ணும் இல்ல. நல்ல விஷயந்தான். ஃபாக்டரி பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டே ஃபோன்ட்ட பேசறேன், அது எழுதிக்குது. எங்கயாவது உளறியிருந்தா நீங்களே சரி பண்ணிப் படிச்சுக்கங்க.

கீழ ஒரு வீடியோ இருக்கு. அதை இப்பத் தொறக்காதீங்க, இதைப் படிச்சிட்டுத் தொறங்க. அண்ணா, ஒன்னத்தான் சொல்றேன். நீ முதல்ல அதைத்தான் அமுக்குவே.

நான் ரெண்டு வருஷமா ஒரு தடிப் புஸ்தகம் படிக்கறேன்னு மதினி கிண்டல் பண்ணுவீங்கல்ல, "ஏழாவது கோப்பை"? அந்த நாவல்தான் விஷயம். இந்த ஹங்கேரி நாட்டுல அதைத் தெரியாத ஆள் கிடையாது. ஆறாம் கிளாஸ்லயே சுருக்கிப் பாடமா வச்சிருக்காங்க. கதை நடக்கறது நான் இருக்கற இந்த பொர்ஷோவார் ஊர்லதான், முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கூலிப்படை ஒண்ணு வந்து ஊரைப் பிடிச்சுக்கும். டோர்கான்னு பீர் காய்ச்சற ஒரு விதவை, அந்தப் படைத் தலைவனையும் ஆளுங்களையும் தன்னோட பாதாள அறைக்கு விருந்துக்குக் கூப்பிடுவா. ஊர் ஆம்பளைங்க ஆறு பேர் சமாதானம் பேசற மாதிரி கூட உக்காந்து குடிப்பாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் இருட்டுல அறுபது பொம்பளைங்க ஒளிஞ்சிருப்பாங்க. டோர்கா சைகை குடுத்ததும் அத்தனை பேரும் பாய்ஞ்சு வந்து படையையே மடக்கிருவாங்க. எண்ணூறு பக்கத்துல இது ஒரு அத்தியாயம். ஆனா அந்த அத்தியாயத்துக்காகத்தான் ஊரே படிக்கும்.

ஐம்பது வருஷம் முன்னாடி இதைக் கருப்பு வெள்ளைல டிவி சீரியலா எடுத்தாங்க. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் திரும்பத் திரும்பப் போடுவாங்க. அதுல டோர்காவா நடிச்ச அம்மா பீரை ஒரே மூச்சுல குடிச்சிட்டு கோப்பையை மேஜை மேல 'டம்'முனு குத்துவாங்க. அதுதான் சைகை. எங்க ஃபாக்டரில பிரேக் முடிஞ்சா காபி கப்பை அப்படி ஒரு குத்து குத்திட்டுத்தான் எந்திரிப்பாங்க. பால் குடிக்கற பிள்ளைங்க கூட குத்தும்.

ஆனா பாருங்க, அந்த சீரியலை எங்க ஊர்ல எடுக்கல. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஊர்ல போய் எடுத்துட்டாங்க. அங்க ரோடு நல்லா இருந்துச்சாம். அன்னைலேந்து அக்கரை ஊர் வாசல்ல பெரிய போர்டு: 'ஏழாவது கோப்பையின் ஊர் உங்களை வரவேற்கிறது.' டூரிஸ்ட் பஸ் எல்லாம் பாலத்துக்கு முன்னாடியே திரும்பிப் போயிரும். கதைல வர்ற பாதாள அறை எங்ககிட்ட, போர்டு அவங்ககிட்ட. எங்க ஊர்ல ஒருத்தர் அக்கரைல பொண்ணு எடுத்தா கல்யாண வீட்டுல கூட அந்தப் போர்டைச் சொல்லிச் சண்டை வரும்.

இந்தச் சண்டைல முன்னாடி நிக்கறது எமோக்கே அக்கா. வெள்ளரிக்காய் பாட்டில் லைன்ல எங்க சூப்பர்வைசர். ஊறுகாய் போட ஐரோப்பா போகணுமான்னு கேப்பியேம்மா, அந்த ஊறுகாய்க்கு அவங்கதான் ராணி. புதுசா கலர்ல சீரியல் எடுக்கப் போறாங்கன்னு பேச்சு வந்த நாள்லேந்து டிவிக்காரங்களுக்கு லெட்டர் போட ஆரம்பிச்சாங்க. நாப்பத்தோரு லெட்டர். கடைசில பதில் வந்துச்சு. அந்த ஒரு காட்சியை பொர்ஷோவார்லயே, அந்த அறைலயே எடுக்கறோம், ஒரு நாள் தர்றோம். அன்னைக்குச் சரியா வரலைன்னா புடாபெஸ்ட் ஸ்டுடியோல அறை மாதிரி செட் போட்டு எடுத்துக்குவோம்.

அன்னைக்கு அக்கா அந்த லெட்டரைக் கேன்டீன்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டு கப்பைக் குத்தின குத்துல கைப்பிடி உடைஞ்சுபோச்சு.

அறுபது பொம்பளைங்க வேணும்ல, ஃபாக்டரியே பேர் குடுத்துச்சு. நான் குடுக்கல. நான் கருப்பா இருக்கேன், முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஹங்கேரில என்னை யாரு சேத்துக்குவாங்க? அக்காதான் என் பேரை எழுதினாங்க. இங்க என்னைக் கயான்னுதான் கூப்பிடுவாங்க. கயல்விழி வாய்ல நுழையாது. கயான்னா இவங்க பேச்சுல சாப்பாடுன்னு அர்த்தம், அதனால நான் உள்ள நுழைஞ்சாலே ஒரு சிரிப்பு.

"கயா, நீ வர்றே."

"அக்கா, என் மூஞ்சி..."

"இருட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கறவளுக்கு மூஞ்சி எதுக்குடி? அறுபதுன்னா அறுபது. ஐம்பத்தொம்பதை வச்சு நான் ஊரைப் பிடிக்க மாட்டேன்."

ஷூட்டிங் அன்னைக்குக் காலைல அஞ்சு மணிக்கே பாவாடை, தலைத்துணி எல்லாம் கட்டிவிட்டு, ஃபோனை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடைல வாங்கி வச்சுக்கிட்டாங்க. எனக்கு ஃபோன் இல்லைன்னா ஒண்ணும் ஓடாது, தெரியும்ல. கைல ஒரு பெரிய இரும்பு வாணலியைக் குடுத்தாங்க. கொஞ்சம் தைரியம் வந்துச்சு.

டைரக்டர் பேரு லெஹெல். நாப்பது வயசு இருக்கும், ஒல்லி, ரெண்டு நாளாத் தூங்காத கண்ணு. அவர் தெளிவாச் சொல்லிட்டாரு. "நான் வெட்டி வெட்டி எடுக்கப் போறதில்ல. விருந்து, சைகை, நீங்க பாயறது, எல்லாம் ஒரே ஓட்டம். நிஜமாவே காதுல கேட்டுட்டு வாங்க. கேக்காத சத்தத்துக்கு வந்தா மூஞ்சி காட்டிக் குடுத்துரும்." டோர்காவா நடிக்கறது வில்லோன்னு ஒரு பொண்ணு. அன்னைக்கு ராத்திரி ஏழு மணிக்கு அவளுக்குப் புடாபெஸ்ட்ல நாடகம். நாலு மணிக்குக் கார் கிளம்பியாகணும். அதுக்குள்ள எடுத்தா உண்டு.

முதல் டேக் பதினோரு மணிக்கு. நாங்க அறுபது பேரும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கற பக்க அறைக்குள்ள, ஒருத்தி மூச்சு ஒருத்தி கழுத்துல. நடுவுல கல்லுச் சுவர். ஒரு இடத்துல மட்டும் வாய் அகலத்துக்கு ஒரு காத்து ஓட்டை. ஓரத்துல பலகைக் கதவு. படை ஆளுங்களா வந்தது தலைநகர்ல ரக்பி விளையாடற பசங்க. குடிகாரங்களா நடிங்கன்னா குடிகாரங்க என்ன செய்வாங்க? மேஜையைக் குத்துவாங்க. டம் டம்முனு குத்தினானுங்க. எமோக்கே அக்கா "வாங்கடி!"ன்னு கத்திட்டுக் கதவைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. பின்னாடியே நாங்க. உள்ள போய்ப் பாத்தா வில்லோ இன்னும் முதல் கோப்பைக்கே பீர் ஊத்திக்கிட்டிருக்கா.

படைத் தலைவனா நடிச்சவர் அப்படியே திரும்பி, "அம்மா, சாப்பிட்டுட்டுச் சாகலாமா?"ன்னு கேட்டாரு.

ரெண்டாவது டேக்ல ரக்பிக்காரனுங்க குத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இப்ப எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல. வில்லோ குத்தினா குத்திக்கிட்டே இருக்கா. அது ஓக் மரத்து மேஜை, நாலு விரல் தடிமனுக்குப் பலகை, கீழ மண் தரை. ஒரே ஒரு கோப்பை குத்தற சத்தம் அங்கயே அமுங்கிருது. உள்ள இருட்டுல நாங்க,

"குத்திட்டாளா?"

"இல்லடி, அது என் வயிறு."

"காலைல என்னத்தத் தின்னே?"

"வெங்காயமும் பன்னிக்கொழுப்பும் தடவுன ரொட்டி."

"அதான் எனக்குத் தெரியுதே!"

சிரிப்பை அடக்க முடியாம பலகைக் கதவு ஆடி அதுவும் கெட்டுப்போச்சு. மூணாவதுக்கு ஒரு சின்ன சிவப்பு பல்ப் வச்சாங்க, எரிஞ்சா ஓடுங்கன்னு. ஓடினோம். லெஹெல் திரைல போட்டுப் பாத்துட்டுத் தலைல கைய வச்சாரு. "பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி வர்றீங்க." நாலு, அஞ்சு, ஆறு. மத்தியானம் பீன்ஸ் சூப்பு. ஏழாவதுல வில்லோ குத்தின குத்துல கை வீங்கிப்போச்சு. அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி. கைக்காக இல்ல. "எத்தனை தடவை குத்தினாலும் பழைய சீரியல்ல வர்ற அந்தம்மா மாதிரி இல்லைன்னுதானே சொல்லப் போறாங்க"ன்னு மேக்கப் அக்காகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தா. பாவமா இருந்துச்சு.

ரெண்டரை மணிக்கு லெஹெல் தன் ஆளுகிட்ட மெதுவா, "ஸ்டுடியோவுக்கு ஃபோன் போட்டு வை"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு, ஆனா எமோக்கே அக்காவுக்குக் கேட்டுருச்சு. தலைத்துணியை அவுத்து மடிச்சு, திரும்ப விரிச்சு, திரும்ப மடிச்சாங்க. நாலு வருஷத்துல நான் அக்காவைப் பேசாம பாத்ததே இல்ல. லைன் நின்னு போனா கூட மெஷினைத் திட்டிக்கிட்டேதான் இருப்பாங்க. என்னால பாக்க முடியல, போய் சுவருக்குப் பின்னாடி எங்க இடத்துலயே உக்காந்துக்கிட்டேன்.

அப்பதான் கேட்டுச்சு. அந்தப் பக்கம் யாரோ கோப்பைகளைத் தண்ணித் தொட்டில அலசிக்கிட்டிருந்தாங்க. ரெண்டு கோப்பை ஒண்ணோட ஒண்ணு இடிச்சுச்சு. கணீர்னு. ஓட்டை வழியா நேரா என் காதுக்கு. நம்ம வீட்டுல அடுப்படில எவர்சில்வர் டம்ளர் விழுந்தா மாடில படிச்சுக்கிட்டிருக்கற எனக்குக் கேக்குமே, அப்படி.

நான் சட்டுனு நிமிர்ந்து உக்காந்தேன். ஏன்னா நாவல்ல அந்த விருந்து வர்ற பக்கம் எனக்கு மனப்பாடம்.

இந்தப் புஸ்தகம் எனக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு சொல்லியிருக்கேனா? என் ரூம்ல மேஜைக்கு ஒரு கால் குட்டை. வீட்டுக்காரர் அதுக்கு அடில இதைத்தான் முட்டுக் குடுத்திருந்தாரு. பழைய முழுப் புஸ்தகம், சுருக்காதது. பாஷை படிக்கணும்னு அதை உருவிட்டு ரெண்டு செங்கல் வச்சேன். தூக்க முடியாத கனம், அதனால பக்கம் பக்கமா ஃபோன்ல படம் எடுத்து பஸ்லயும் பிரேக்லயும் படிச்சேன். தெரியாத வார்த்தைக்கு ஓரத்துல தமிழ்ல அர்த்தம் எழுதி எழுதி. நான் அந்த சீரியலைப் பாத்ததே இல்ல, கிறிஸ்துமஸுக்கு எனக்கு டபுள் ஷிஃப்ட்டு. என் காதுல அந்த 'டம்' கிடையாது. புஸ்தகம் மட்டுந்தான் இருக்கு. புஸ்தகத்துல டோர்கா குத்தவே மாட்டா. முட்டுவா. கோப்பையைத் தலைவனோட கோப்பைல முட்டுவா.

காலைலேந்து ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. குத்தறது புஸ்தகத்துல இல்லைன்னு எனக்கு எப்பவோ தெரியும். நான்தான் ஏதோ பக்கத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சேன். ஒரு நாடே சேர்ந்து ஒண்ணு சொல்லும்போது, வெள்ளரிக்காய் அடைக்கற நான் என்னத்தச் சொல்ல?

இன்னொண்ணும் இருக்கு. இவங்க பீரை முட்ட மாட்டாங்க. வைன், சாராயம், ஜூஸ் எதுவானாலும் முட்டுவாங்க, பீர்னா கோப்பையைத் தூக்குவாங்க, அவ்வளவுதான். 1849ல இவங்களோட பதிமூணு தளபதிங்களைக் கொன்ன அன்னைக்கு எதிரிங்க பீர் கிளாஸை முட்டிக் கொண்டாடினாங்களாம். அன்னைலேந்து நூத்தம்பது வருஷத்துக்கு முட்டறதில்லைன்னு சபதம். கெடு முடிஞ்சே இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, யாரும் பழக்கத்தை மாத்திக்கல. வந்த புதுசுல நான் எலுமிச்சை சோடாவை எமோக்கே அக்கா பீர்கிட்டக் கொண்டுபோக, அவங்க குழந்தையைக் காப்பாத்தற மாதிரி கிளாஸைப் பின்னால இழுத்தாங்க. அந்த ஊர்ல, அந்த நாவல்ல, பீரை முட்டுங்கன்னு நான் போய்ச் சொல்லணும்.

அம்மா, தப்பா இருந்துச்சுன்னா இருக்கற ஒரு மணி நேரத்தையும் நானே கெடுத்த மாதிரி ஆகும். அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்? வாணலியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு எழுந்தேன், உக்காந்தேன், எழுந்தேன். அப்புறம் அக்கா இன்னும் துணியை மடிச்சுக்கிட்டிருக்கறது கதவு இடுக்குல தெரிஞ்சுச்சு. போயிட்டேன்.

"அக்கா, புஸ்தகத்துல குத்தல. முட்டறாங்க."

"யாரை?"

"கோப்பையை. பீர் கோப்பையை."

அக்கா என்னைக் காய்ச்சல் வந்தவளைப் பாக்கற மாதிரி பாத்தாங்க. பக்கத்துல வெண்டெல் மாமா. ரிட்டையர்டு போஸ்ட்மேன், விருந்துல கூட உக்காந்து குடிக்கற அந்த ஆறு ஆம்பளைங்கள்ல முதல் ஆளா நடிக்கறவர். அவர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "கேட்டீங்களாப்பா? சாப்பாடு வந்து நமக்கு நம்ம புஸ்தகத்தைச் சொல்லித் தருது! டோர்கா பீரை முட்டினாளாம்! எங்க தாத்தா குழிக்குள்ளேந்து எந்திரிச்சு வந்து உன்னை அடிப்பாரு பாத்துக்க."

சத்தம் கேட்டு லெஹெல் வந்துட்டாரு. வில்லோவும் ஐஸ் கட்டியைக் கைல வச்சுக்கிட்டு வந்தா. என்ன பேசறதுன்னு தெரியல, அதனால புஸ்தகத்தையே சொல்ல ஆரம்பிச்சிட்டேன். இவங்க பாஷைல, என் உச்சரிப்புல, கண்ணை மூடிக்கிட்டு. உங்களுக்குத் தமிழ்ல சொல்றேன்:

'ஆறு கோப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைவனின் கோப்பையோடு மோதின. சுவருக்கு அப்பால் அறுபது பெண்கள் மூச்சை அடக்கி எண்ணினார்கள். ஆறு என்பது இன்னும் பொறு என்று பொருள். பின்பு, பரிமாற மட்டுமே வந்தவள், யாரும் குடிக்கச் சொல்லாதவள், தன் கோப்பையை நீட்டினாள். தலைவன் சிரித்துக்கொண்டே மோதினான். அது ஏழு.'

கண்ணைத் தொறந்தா யாரும் சிரிக்கல. "இருநூத்தி எண்பத்தேழாம் பக்கம். என் ஃபோன்ல இருக்கு"ன்னேன்.

கூடையைக் கொட்டி என் ஃபோனைத் தேடி எடுத்தாங்க. ஆளுக்கு ஆள் பெரிசு பண்ணிப் பாத்தாங்க. ஓரத்துல என் தமிழ் எழுத்து. லெஹெல் ரொம்ப நேரம் அதையே பாத்தாரு. "இதை நான் படிச்சிருக்கேன்"ன்னாரு. "ரெண்டு தடவை படிச்சிருக்கேன். படிக்கும்போதே என் காதுல 'டம்'முனுதான் கேட்டிருக்கு."

வெண்டெல் மாமா விடல. "அச்சுத் தப்பா இருக்கும். ஹங்கேரிக்காரன் எவனாவது பீரை முட்டறதா எழுதுவானா?"

"மாமா, முதல் பக்கத்தைப் பாருங்க. இதை முதல்ல போட்டது 1846ல. சபதத்துக்கு மூணு வருஷம் முன்னாடி. எழுதினவருக்கும் தெரியாது, டோர்காவுக்கும் தெரியாது."

மாமா விரல் விட்டு எண்ணினாரு. நாப்பத்தாறு, நாப்பத்தேழு. ரெண்டு தடவை எண்ணினாரு. அப்புறம் தொப்பியைக் கழட்டிட்டாரு. "அடப்பாவிங்களா, அவ நிம்மதியா முட்டியிருக்கா. பழைய சீரியல்காரன் பயந்துபோய்க் குத்த வச்சிட்டான். நாமளும் ஐம்பது வருஷமா கப்பை உடைச்சுக்கிட்டிருக்கோம்."

வில்லோ ஐஸ் கட்டியைத் தூக்கித் தொட்டில போட்டா. "அப்ப நான் குத்த வேண்டாம்!" அவ மூஞ்சி அப்படி மலர்ந்துச்சு. "அது அந்தம்மாவோடது. இது என்னோடது."

மணி மூணு. ஒத்திகை பாத்தோம். இங்கதான் கூத்து. ஆறு பேரும் நல்ல மனசோடதான் கையை நீட்டறாங்க. நீட்டின கை ஒரு விரல் தூரத்துல தானா நின்னுக்குது! வெண்டெல் மாமா மூணு தடவை முயற்சி பண்ணினாரு. "கை போக மாட்டேங்குதுய்யா! நான் தள்றேன், அது போக மாட்டேங்குது!" தலைவனா நடிக்கறவர் தன் கோப்பையைக் கொண்டுபோனா மாமா கோப்பை பின்னால ஓடுது. மேஜையைச் சுத்தி ரெண்டு கோப்பையும் ஓடிப் பிடிச்சு விளையாடற மாதிரி. நாங்க எல்லாம் சிரிக்க, எமோக்கே அக்கா மட்டும் கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

அப்ப வில்லோ சொன்னா, "கோப்பைக்குள்ள என்ன இருக்குன்னு கேமராவுக்கா தெரியப்போகுது? இவங்களுக்கு வைன் ஊத்துங்க."

வெண்டெல் மாமா வைன் வைக்கற பாதாள அறை நாலு வாசல் தள்ளித்தான். அந்தக் கால பூட்ஸைப் போட்டுக்கிட்டு அறுபத்தெட்டு வயசுல அவர் ஓடின ஓட்டத்தையும் யாராவது படம் பிடிச்சிருக்கணும். ரெண்டு குடம் வெள்ளை வைன். மேல கொஞ்சம் பீர் நுரையைக் கரண்டில எடுத்து வச்சாங்க. மாமா மோந்து பாத்துட்டு, "நம்ம வைன். இதை எவன்கூட வேணா முட்டலாம்."

"உனக்கும் வைன்தானே?"ன்னு லெஹெல் வில்லோகிட்டக் கேட்டாரு.

"எனக்கு பீர்."

"முட்டுவியா?"

"டோர்கா முட்டினா நானும் முட்டுவேன்."

மூணு இருபத்தஞ்சு. ஒரே ஒரு டேக்குக்குத்தான் நேரம். உள்ள இருட்டுல அக்கா என் தோளைப் பிடிச்சுத் தள்ளி ஓட்டைகிட்டக் கொண்டுபோய் நிறுத்தினாங்க. "நீதானே படிச்சே. நீ எண்ணு. நீ சொன்னாத்தான் கதவு."

"அக்கா, நான் தப்பா எண்ணிட்டேன்னா..."

"ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதவளையா நான் பாட்டில் எண்ணறதுக்கு வச்சிருக்கேன்? காதை வைடி."

வச்சேன். கல்லு ஜில்லுனு இருந்துச்சு. அந்தப் பக்கம் ரக்பிக்காரனுங்க பாடறானுங்க, குத்தறானுங்க, சிரிக்கறானுங்க. இப்ப அவனுங்க எவ்வளவு கத்தினாலும் பரவால்ல. அப்ப, கணீர். ஒண்ணு. என் முதுகுக்குப் பின்னாடி அறுபது பேர்ல ஒருத்தி மூச்சு கூடக் கேக்கல. ரெண்டு. மூணு. நாலாவது கொஞ்சம் மழுங்கலா விழுந்துச்சு, எனக்கு உசுரே போச்சு, நாலுதானா, இல்ல கரண்டியா? நாலுதான். அஞ்சு. ஆறு. ஆறுக்கு அப்புறம் ஒண்ணுமில்ல. பாட்டு நின்னுச்சு. வில்லோ ஏதோ மெல்லச் சொல்றா. தலைவன் சிரிக்கறான். நான் வாணலியை நெஞ்சோட அழுத்திக்கிட்டேன்.

கணீர்.

நான் கத்தினேன். கதவு பொளந்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது, அக்கா என் இடுப்பைப் பிடிச்சுத் தள்ளினது தெரியும், மெழுகுவத்தி வெளிச்சம் தெரியும், ஆறடி ரக்பிக்காரன் ஒருத்தன் என் வாணலியைப் பாத்து நிஜமாவே மேஜைக்கு அடில புகுந்தது தெரியும். லெஹெல் 'கட்' சொல்லவே இல்ல. நாங்களா களைச்சுப்போய் நின்னோம். அவர் திரைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் தூக்கினாரு, அவ்வளவுதான். அறை இடிஞ்சு விழற மாதிரி ஒரு சத்தம். எமோக்கே அக்கா வெண்டெல் மாமாவைத் தூக்கியே சுத்திட்டாங்க. வில்லோ அந்தத் துணியோடயே கார்ல ஏறி ஓடினா, நாலு அடிக்க ரெண்டு நிமிஷம்.

நேத்து ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு டிவில புது சீரியலோட ஆறாவது பாகம் வந்துச்சு. ஊர் பண்பாட்டு மன்றத்துல பெரிய திரை கட்டியிருந்தாங்க, முந்நூறு பேர். கடைசி வரிசைல அக்கரை ஊர்லேந்து கூட ஒரு இருபது பேர் வந்து கம்முனு உக்காந்திருந்தாங்க. காட்சிக்கு முன்னாடி டோர்கா பீர் பீப்பாயைத் தொறக்கறப்பவே வயசானவங்க ரெண்டு பேர் மேஜையைக் குத்தக் கையைத் தயாரா வச்சிருந்தாங்க. திரைல டோர்கா குத்தவே இல்ல. முதல் கோப்பை முட்டினதும் மன்றத்துல ஒரு சலசலப்பு. "பீரையா?"ன்னு யாரோ கேட்டாங்க. "வாயை மூடு, எண்ணு!"ன்னாரு வெண்டெல் மாமா. முந்நூறு பேரும் எண்ணினாங்க, அம்மா. நாலு, அஞ்சு, ஆறு, வாய் விட்டு. ஏழாவதுக்கு வில்லோ கையை நீட்டறா, ஒரு விரல் தூரத்துல அவ கை நிக்குது. நடிப்பு இல்ல அது, நிஜமாவே நின்னிருக்கு. ஒரு மூச்சு. அப்புறம் போய் முட்டறா. எமோக்கே அக்கா என் கையைப் பிடிச்ச பிடில இன்னும் விரல் தடம் இருக்கு.

முடிஞ்சதும் அக்கரை ஊர்க்காரர் ஒருத்தர் எழுந்து வந்தாரு. எல்லாரும் சண்டைன்னு நினைச்சோம். அவர் அக்காவுக்குக் கை குடுத்து, "எங்க போர்டுல 'பழைய'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கறோம்"ன்னாரு. அக்கா யோசிச்சுட்டு, "பெரிய எழுத்துல"ன்னாங்க. அப்புறம்தான் அழுதாங்க.

காலைலேந்து டிவிக்காரங்களுக்கு ஃபோன் மேல ஃபோனாம், பீரை முட்டினதுக்குத் திட்டி. அவங்க என்னோட அந்தப் பக்கத்தைத்தான் படமா போட்டுப் பதில் குடுக்கறாங்க. ஓரத்துல என் தமிழ் எழுத்தோட! வீட்டுக்காரர் புஸ்தகத்தை ஊர் நூலகத்துக்குக் குடுத்துட்டாரு, கண்ணாடிப் பெட்டில வைக்கப் போறாங்களாம். மேஜைக்கு அடில இருக்கற செங்கலை நான் எடுக்கல.

சரி, பஸ் வருது. இப்பத் தொறங்க. முப்பத்தெட்டாவது நிமிஷம். கதவு பொளக்கறப்ப முதல்ல வாணலியோட வர்றது நான்தான், மூஞ்சி நல்லாவே தெரியுது, அக்கா தள்ளின தள்ளுல வெளிச்சத்துக்கே வந்துட்டேன். ஆனா அதுக்கு ஒரு நொடி முன்னாடி சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேளுங்க. இருட்டுக்குள்ளேந்து ஒரு பொண்ணு குரல் கத்தும். அந்த வார்த்தை என்னன்னு இங்க நேத்துலேந்து ஒரே விவாதம். அந்தக் காலத்துப் போர்க்கூச்சல்னு ஒரு வாத்தியார் எழுதியிருக்காரு. லெஹெலும் அதை அப்படியே விட்டுட்டாரு, எடுக்க மனசு வரலையாம்.

நான் தமிழ்லதான் எண்ணியிருக்கேம்மா. பதட்டத்துல. நீ ஒருத்தி கேட்டாப் போதும், உனக்குப் புரியும்.

"ஏழு!"